ஏற்காட்டு வீட்டுக்குக் கேம் கன்சோல்: முதல் செலவு எர்த் குழிக்கு

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் குடியிருக்கிறோம். வீட்டில் 43 அங்குல 4கே டி.வி. இருக்கிறது. பிளஸ் ஒன் படிக்கும் மகன் பிளேஸ்டேஷன் 5 கேட்கிறான். அது வந்துவிட்டால் டிவிடி பிளேயர், செட்டாப் பாக்ஸ் இரண்டையும் தூக்கிப் பரணில் போட்டுவிடலாம் என்கிறான். என் கணவரிடம் பழைய படத் தட்டுகள் நூற்றுக்கு மேல் உள்ளன. போன கோடை இடியில் டி.வி.யின் எச்.டி.எம்.ஐ. துளை ஒன்று போய்விட்டது. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் அந்த எச்.டி.எம்.ஐ. துளை போன கதையைப் பேசி முடித்த பிறகு வாங்குங்கள்.

இடி உங்கள் வீட்டின் மேல்தான் விழ வேண்டும் என்பதில்லை. பக்கத்துத் தோட்டத்து சில்வர் ஓக் மரத்தில் விழுந்தாலே போதும். மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து இறங்கும் கேபிளில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்குப் பெரிய மின்னழுத்தம் ஏறிவிடும். அது செட்டாப் பாக்ஸ் வழியாக எச்.டி.எம்.ஐ. வயருக்குள் புகுந்து டி.வி.யைத் தொடுகிறது. நாளை அதே டி.வி.யில் கன்சோலையும் சொருகினால், அடுத்த பலி அதுதான். சேலத்தில் என் பழுதுபார்க்கும் மேசைக்கு ஒவ்வொரு மே மாதமும் இப்படி அடிபட்ட கன்சோல்கள் வருகின்றன. விளக்கு எரியும், விசிறி சுற்றும், படம் மட்டும் வராது.

கடைக்காரர் ஸ்டெபிலைசரை எடுத்து முன்னால் வைப்பார். வேண்டாம். பிளேஸ்டேஷன் 5 தானாகவே 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். ஸ்டெபிலைசருக்கு இடியைத் தடுக்கும் வல்லமையும் கிடையாது. ஸ்பைக் பஸ்டர், அதாவது திடீர் மின்னேற்றத்தைத் தடுக்கும் பல துளைப் பலகை, உதவும், ஆனால் எர்த் சரியாக இருந்தால்தான். அது மிகை மின்சாரத்தைத் தள்ளிவிடுவது மண்ணுக்கு. மண்ணுக்கு வழியில்லாத வீட்டில் அது வெறும் நீளப் பலகை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையோ சார்னோக்கைட் என்ற கடினமான பாறை. பல இடங்களில் மேலே ஒரு சாண் மண், கீழே கல். குழி தோண்டியவர் பாறை தட்டியதும் நிறுத்தியிருக்கக்கூடும். எலெக்ட்ரீஷியனிடம் எர்த்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். எர்த்தின் மின்தடை 5 ஓமுக்குள் இருந்தால் நிம்மதி. மெயின் போர்டில் திடீர் மின்னேற்றத்தைத் தடுக்கும் சர்ஜ் தடுப்பான் ஒன்றும் போடச் சொல்லுங்கள். இத்தனையும் செய்த பிறகும், வானம் உறுமத் தொடங்கினால் பிளக்கையும் டிஷ் கேபிளையும் பிடுங்கிவிடுவதுதான் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பாதுகாப்பு. செலவும் இல்லை.

இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்பக்கம் பாருங்கள். பலவற்றில் யு.பி.எஸ்., நார்மல் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால் மின்சாரம் போய் பேட்டரிக்கு மாறும் இடைவெளியிலேயே கன்சோல் அணைந்துவிடலாம். பதிவாகிக்கொண்டிருந்த ஆட்டம் கெட்டுப்போகும்.

இனி உங்கள் கணவரின் தட்டுகள். டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5 டிவிடி, புளூரே, 4கே புளூரே மூன்றையும் ஓட்டும். வி.சி.டி.யை ஓட்டாது, ஆடியோ சி.டி.யையும் ஓட்டாது. மோசர் பேர் நிறுவனம் 28 ரூபாய்க்கு விற்ற வி.சி.டி. படங்கள், கல்யாண வீடியோ, இளையராஜா பாட்டு சி.டி. எல்லாம் அந்தப் பெட்டியில் இருந்தால் பழைய பிளேயர் பரணுக்குப் போகக் கூடாது. இன்னொன்று: சிங்கப்பூரிலோ துபாயிலோ உறவினர் இருந்தால் அங்கிருந்து கன்சோல் வரவழைக்காதீர்கள். ஆட்டத் தட்டுகளுக்குப் பிரச்சினையில்லை. ஆனால் டிவிடிகளை எந்த நாட்டுப் பிளேயரில் ஓடலாம் என்று மண்டல எண் போட்டுப் பூட்டியிருப்பார்கள்: இந்தியா மண்டலம் 5, துபாய் 2, சிங்கப்பூர் 3. மண்டலம் மாறினால் நம் ஊர்ப் படத்தட்டு ஓடாமல் போகலாம். மலை ஈரத்தில் தட்டுகளில் பூஞ்சை படர்ந்திருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவி, நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்துக் காயவைத்த பிறகே உள்ளே போடுங்கள்.

செட்டாப் பாக்ஸும் இருக்கட்டும். 2013இல் வந்த மைக்ரோசாஃப்ட் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் செட்டாப் பாக்ஸைச் சொருக ஒரு துளை வைத்திருந்தார்கள். பிறகு வந்த சீரீஸ் எக்ஸில் அதை எடுத்துவிட்டார்கள். பிளேஸ்டேஷனில் அது வந்ததே இல்லை. யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை கன்சோலில் வரும்தான். ஆனால் ஒரு படத்தைக் காட்டவே அது 50 முதல் 80 வாட் வரை இழுக்கும். வீட்டுப் பெரியவர்கள் நாளுக்கு 6 மணி நேரம் அதில் தொடர் பார்த்தால் இரண்டு மாத மின் கணக்கில் ஏறத்தாழ 25 யூனிட் கூடும். அதே செயலி டி.வி.யிலேயே இருக்கும்போது இது வீண்.

4கே பற்றி மகன் நிறையச் சொல்லியிருப்பான். சராசரிக் கண்ணுக்கு 43 அங்குலத் திரையில் சுமார் 5 அடி 7 அங்குலத்துக்கு அப்பால் உட்கார்ந்தாலே முழு எச்.டி.க்கும் 4கேவுக்கும் கூர்மையில் வேறுபாடு தெரிவது கடினம். உங்கள் சோபா பத்தடி தள்ளி இருந்தால் புதிய டி.வி.க்கான பேச்சை இப்போதே முடித்துவிடலாம்.

டிஸ்க் இல்லாத மாடல் விலை குறைவு. பிளேஸ்டேஷன் 5இன் மெலிந்த மாடலான ஸ்லிம் இந்தியாவுக்கு வந்தபோது இரண்டுக்கும் பத்தாயிரம் ரூபாய் வித்தியாசம். அந்தப் பத்தாயிரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். பெரிய ஆட்டம் ஒன்று 100 ஜி.பி. வரை வரும். 50 எம்.பி.பி.எஸ். ஃபைபரில் நாலரை மணி நேரம். நாளுக்கு 2 ஜி.பி. தரும் செல்போன் திட்டத்தில் ஐம்பது நாள்! தட்டாக வாங்கினால் ஆடி முடித்ததும் விற்கவும் முடியும்.

வைக்கும் இடம்: வெளிச்சுவரை ஒட்டி வேண்டாம், கதவு மூடும் அலமாரிக்குள் வேண்டவே வேண்டாம். 5 முதல் 35 டிகிரிக்குள் இயக்கச் சொல்கிறார்கள். அந்த வகையில் நீங்கள் பாக்கியசாலி. கோடையில் கீழே சேலத்தில் இருப்பவர்கள்தான் பாவம், அம்மாபேட்டைத் தறி வீடுகளில் விசிறிக்குள் பஞ்சும் சேர்ந்து அடைத்துக்கொள்கிறது.

ஸ்லிம் மாடலின் டிஸ்க் டிரைவ் முதல் தடவை இயங்க இணையத்தோடு இணைக்க வேண்டும். கடையிலேயே இணைக்கச் சொல்லி, ஒரு பழைய டிவிடியைக் கையோடு கொண்டுபோய் ஓட்டிப் பார்த்துவிட்டு வண்டியேறுங்கள். இல்லையென்றால் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இன்னொரு முறை இறங்க வேண்டியிருக்கும்.