வால் இல்லாத மரபணுவும் வால் முளைக்கும் தூதுவனும்: வாசகர் கேள்விகள்

எம்.ஆர்.என்.ஏ.வின் (மரபணுவின் செய்தியைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.) நுனியில் 200க்கும் மேற்பட்ட ஏ எழுத்துகள் வரிசையாக நிற்கின்றன என்று படித்தேன். டி.என்.ஏ.வைப் பார்த்துத்தானே ஆர்.என்.ஏ. எழுதப்படுகிறது? மரபணுவின் கடைசியில் அத்தனை டி எழுத்துகள் (ஏ-வின் எதிர் இணை) இல்லையே?
– பள்ளி மாணவர், சாட்ஸ்வர்த்

இல்லைதான், தம்பி. அந்த ஏ வரிசையைத்தான் வால் என்கிறோம்; வாலுக்கு மூலப்படி கிடையாது. ஆர்.என்.ஏ. தேவைக்கு மேல் நீளமாகவே எழுதப்படுகிறது. அதை ஓரிடத்தில் சி.பி.எஸ்.எஃப்.-73 என்ற புரதம் வெட்டுகிறது. வெட்டுப்பட்ட நுனியில் பாலி-ஏ பாலிமரேஸ் என்ற நொதி எதையும் பார்த்து எழுதாமல் ஏ, ஏ, ஏ என்று ஒட்டிக்கொண்டே போகிறது. பாலூட்டிகளில் ஏறத்தாழ 250 எழுத்து சேர்ந்ததும் வேகம் அடங்குகிறது. அந்த அளவைப் பார்த்துக்கொள்வது இன்னொரு புரதம். மரபணுவில் இருப்பது 'இந்தப் பக்கம் வெட்டு' என்ற குறி மட்டுமே; ஆர்.என்.ஏ. எழுத்தில் அது ஏஏயூஏஏஏ (டி-க்குப் பதில் ஆர்.என்.ஏ.வில் யூ). 1976இல் ப்ரவுட்ஃபுட், பிரவுன்லீ என்ற இருவர் பல எம்.ஆர்.என்.ஏ.க்களின் கடைசிப் பகுதிகளை அருகருகே வைத்துப் பார்த்தபோது அகப்பட்ட ஆறெழுத்து அது.

ஆறெழுத்துக் குறி என்றால் சராசரியாக 4,096 எழுத்துக்கு ஒருமுறை தற்செயலாகவே வந்துவிடும். நீண்ட மரபணுவில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் வருமே! எல்லா இடத்திலும் வெட்டு விழாதது ஏன்?
– ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், டோங்காட்

நல்ல கணக்கு, ஐயா. என் வகுப்பில் இத்தனை ஆண்டுகளில் இரண்டு பேர்தான் இதைக் கேட்டார்கள்.

டர்பனிலிருந்து என்-2 நெடுஞ்சாலையில் உங்கள் ஊருக்கு வரும்போது 'டோங்காட்' பலகை பிரிவுச் சாலைக்கு முன்பே நிற்கும். பலகையைக் கண்ட இடத்திலேயே யாரும் வண்டியைத் திருப்புவதில்லை. சற்றுத் தள்ளிச் சாலை உண்மையிலேயே பிரிய வேண்டும். இங்கும் அப்படித்தான். வெட்டு ஏஏயூஏஏஏ-வின் மேல் விழாது. 10 முதல் 30 எழுத்து தள்ளி விழும். அதற்கும் அப்பால், சுமார் 30 எழுத்துக்குள், ஜியும் யூவும் மண்டிய பகுதி ஒன்று வேண்டும். அதைப் பிடித்துக்கொள்ளும் புரதக் கூட்டமே வேறு. குறிக்கு முன்னால் யூஜியூஏ என்ற நாலெழுத்து இருந்தால் மூன்றாவது கூட்டமும் வந்து கைகொடுக்கும். தனித்தனியே இவற்றின் பிடி தளர்வானது; ஒன்றையொன்று பற்றிக்கொண்டால்தான் கத்தி இறங்கும். தற்செயலாக வந்த ஆறெழுத்துக்கு இந்த அக்கம்பக்கம் பெரும்பாலும் அமைவதில்லை. போதாததற்கு, யூ1 என்ற சிறிய ஆர்.என்.ஏ. துகள் மரபணுவின் நடுவில் அகால வெட்டு விழாமல் காவல் நிற்கிறது.

அக்கம்பக்கம் வலுவாக இருந்தால் குறியே சற்றுப் பிசகலாம். ஏயூயூஏஏஏ என்று எழுதியிருந்தாலும் வெட்டு நடக்கும். மனித மரபணுக்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் வெட்டத் தகுந்த இடங்கள் ஒன்றுக்கு மேல் உண்டு; எதைத் தேர்வது என்பது செல்லின் முடிவு. பி-செல் என்ற வெள்ளணு ஒரே மரபணுவிலிருந்து, ஒரு வெட்டில் தன் மேற்புறத்தில் பதிந்து நிற்கும் எதிர்ப்புரதத்தையும் மற்றொரு வெட்டில் இரத்தத்தில் கலக்கும் எதிர்ப்புரதத்தையும் செய்கிறது.

ஓர் ஒப்புதல்: ஆறெழுத்தைப் படிப்பது சி.பி.எஸ்.எஃப்.-160 என்றே பல ஆண்டுகள் கற்பித்தேன். 2014இல் வந்த ஆய்வுகள், படிப்பது சி.பி.எஸ்.எஃப்.-30, டபிள்யூ.டி.ஆர்.33 என்ற வேறு இரண்டு புரதங்கள் என்று காட்டிவிட்டன. பழைய மாணவர்கள் மன்னிக்க.

இந்தக் குறியில் ஓர் எழுத்து மாறினால் நோய் வருமா?
– செவிலியர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

வரும், அம்மா. ஆல்ஃபா குளோபின் மரபணுவின் குறியில் கடைசி ஏ, ஜி-யாக மாறியதால் வந்த தாலசீமியா என்ற பரம்பரை இரத்தசோகையை 1983இல் சவூதி அரேபியக் குடும்பங்களில் கண்டறிந்தார்கள். இந்திய வம்சாவளியினரிடையே மிகுதியான பீட்டா தாலசீமியா மாற்றம் வேறு வகை. அது வாலைத் தொடுவதில்லை, இடைப்பகுதிகளை நீக்கும் வேலையைக் கெடுக்கிறது. எனக்கு அதிக வியப்பளிப்பது இதற்கு நேர்மாறான ஒன்று. இரத்தம் உறைய உதவும் புரோத்ராம்பின் என்ற புரதத்தின் மரபணுவில், வெட்டு விழும் அந்த ஓரெழுத்து ஜி-யிலிருந்து ஏ ஆகும்போது வெட்டு முன்பைவிட நன்றாக நடக்கிறது. விளைவு: புரதம் கூடுகிறது, இரத்தம் உறையும் ஆபத்தும் கூடுகிறது.

கேப் டவுனில் செய்த எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியிலும் இந்தக் குறி வேலை செய்கிறதா?
– வாசகர், லெனேசியா

இல்லை. அஃப்ரிஜென் போன்ற கூடங்களில் எம்.ஆர்.என்.ஏ. செல்லுக்கு வெளியே தயாராகிறது. வெட்டும் கூட்டம் அங்கே கிடையாது. ஆகவே வாலை அச்சிலேயே (பார்த்து எழுதும் டி.என்.ஏ.வில்) எழுதிவிடலாம், அல்லது பிறகு நொதியால் ஒட்டலாம். ஃபைசர் ஊசியில் 30 ஏ, நடுவே பத்தெழுத்து இடைவெளி, பிறகு 70 ஏ. ஒரே நீட்டாக எழுதினால், அச்சைச் சுமக்கும் பாக்டீரியா அதைக் குறுக்கிவிடும்.

கார்டிசெப்ஸ் காளான் பொடி இந்த வாலைத் தடுத்துப் புற்றுநோயை ஆற்றும் என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, ஃபீனிக்ஸ்

அதிலுள்ள கார்டிசெபின் என்ற பொருள் ஏ எழுத்தைப் போலவே தோற்றம் தருவது. ஆனால் அடுத்த எழுத்து ஒட்டக் கொக்கி இல்லாதது. நுனியில் அது ஏறினால் வால் அங்கேயே நிற்கும். இது செல் வளர்க்கும் தட்டில். உடம்புக்குள் போனால் ஒரு நொதி அதை விரைவில் உருமாற்றிவிடுகிறது. பணத்தைப் பத்திரமாக வையுங்கள், அம்மா. சிகிச்சையில் இருப்பவர் என்றால் மருத்துவரிடம் சொல்லாமல் அந்த டப்பாவைத் திறக்கவே வேண்டாம்.