பாறை ஏன் முன்னால் வருகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நேர்ந்த மண்சரிவின் படங்களில், சூரல்மலை வரை பெரும்பாறைகள் உருண்டுவந்து கிடப்பதைப் பார்த்தேன். கனமானவை அடியில் அமிழ்ந்து பின்தங்கி, சேறு மட்டும் ஓடிவந்திருக்க வேண்டாமா?

செ., கூடலூர்

அன்புள்ள செ.,

நீங்கள் எடையை வைத்துக் கேட்கிறீர்கள்; இங்கே முதலில் பார்க்க வேண்டியது பருமனை. பல அளவுக் கற்கள் கலந்து சரிவில் ஓடும்போது அவற்றினிடையே கணந்தோறும் இடுக்குகள் திறந்து மூடுகின்றன. சிறியவை அவற்றில் விழுந்துவிடுகின்றன, பெரியவை நுழைய முடிவதில்லை. அடியில் சிறியவை சேரச் சேரப் பெரியவை மேலே ஏறுகின்றன. மிக்சர் பொட்டலத்தின் அடியில் தூள் மிஞ்சுவதும் இப்படித்தான். (பெரியது இரும்புக் குண்டாக இருந்தால் மூழ்கக்கூடும், மலைப்பாறைக்கும் அதன் பொடிக்கும் அடர்த்தி ஏறத்தாழ ஒன்றே.) போதாததற்கு, கெட்டிச் சேற்றின் அடர்த்தி நீரைப்போல் இரு மடங்கு வரை இருக்கும் என்பதால், 2.7 மடங்கு அடர்த்தியுள்ள பாறையின் பெரும்பகுதிப் பளுவை அதுவே தாங்கிக்கொள்கிறது.

மேலே ஏறியது ஏன் முன்னாலும் வருகிறது என்பதற்குச் சரிவின் சொரசொரப்பே காரணம். அது அடி அடுக்கைப் பிடித்து நிறுத்த, மேலடுக்கு விரைந்து ஓடி, தன்மேல் உள்ள பாறைகளை முகப்புக்குக் கொண்டுசேர்க்கிறது. அங்கே அவை விழுந்து மிதிபட்டாலும் மறுபடி மேலேறி மறுபடி முன்னால் வருகின்றன. பாறைகளின் இடைவெளிகளில் நீர் எளிதில் வடிந்துவிடுவதால் முகப்பில் உராய்வு மிகுகிறது. பின்னால் வரும் பொடிச்சேறோ நீரைத் தேக்கிவைத்துத் திரவம்போல் நெட்டித்தள்ளுகிறது. அந்த நெருக்கடியில் பாறைகள் இருபுறமும் ஒதுங்கிக் கரைகளாகிவிட, நடுவே சேறு தனக்கொரு வாய்க்கால் அமைத்துக்கொள்கிறது.

அமெரிக்காவின் ஓரிகனில், அந்நாட்டு நிலவியல் ஆய்வுத்துறை 95 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள கான்கிரீட் வாய்க்காலை 31 பாகைச் சரிவில் கட்டி, ஜல்லியும் மணலும் நீரும் கலந்து அவிழ்த்துவிட்டுச் சோதிக்கிறது. நன்றாகக் கலந்த கலவைதான். கீழே வருவதற்குள் ஜல்லி முகப்புக்கு வந்துவிடுகிறது. வயநாட்டிலோ ஓட்டம் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்.

வீட்டிலேயே பார்க்க விரும்பினால், பலகையில் உப்புத்தாளை ஒட்டிச் சாய்த்து, பொடிமணலும் பேபி ஜல்லியும் கலந்து கொட்டுங்கள். ஜல்லி முன்னால் குவிவது தெரியும். பிறகு கண்ணாடியில் கொட்டிப் பாருங்கள். அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவாமல் கலவை மொத்தமாக வழுக்கி இறங்குவதால் அங்கே பிரிதல் மிகக் குறைவு.