பப் மெஷினில் காசு எங்கே போகிறது?

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை நண்பர்களோடு பப்புக்குப் போனால் ப்ரூட் மெஷினில் (காசு போட்டு ஆடும் சூதாட்ட மெஷின்) 10 பவுண்டு ஆடலாம் என்று ஆரம்பிப்பேன். கிளம்பும்போது 40 போயிருக்கும். ரொம்ப நேரமாகக் கொடுக்காத மெஷினாகப் பார்த்து ஆடினால் தேறுமா? நஷ்டத்தைக் குறைக்க வேறு வழி உண்டா?

பதில்: தேறாது. இதை முதலில் சொல்லக் காரணம், அந்த நம்பிக்கைதான் உங்களை 10 பவுண்டோடு எழுந்துவர விடாமல் பிடித்து வைக்கிறது.

பிரிட்டன் பப்புகளில் இருப்பவை பெரும்பாலும் சி பிரிவு மெஷின்கள். ஓர் ஆட்டத்துக்கு அதிகபட்சம் 1 பவுண்டு, பரிசு அதிகபட்சம் 100 பவுண்டு. அடுத்த முறை காசு போடுமுன் மெஷினில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். போட்ட பணத்தில் சராசரியாக எத்தனை சதவீதம் திரும்பும், மெஷின் ரேண்டமா, காம்பன்சேட்டடா என்று போட்டிருக்கும். ரேண்டம் என்றால் போன ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. காம்பன்சேட்டட் மெஷின் அந்தச் சதவீதத்தை ஒட்டியே தன்னைச் சரிசெய்துகொள்ளும். முன்னால் ஆடியவர்கள் விட்டதும் எடுத்ததும் அதன் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கு நம் கண்ணுக்குத் தெரியாது. ஒருவர் ஒரு மணி நேரமாகத் தோற்றதைப் பார்த்திருப்பீர்கள். மத்தியானம் வேறொருவர் 100 பவுண்டு அள்ளிப் போனதைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

மெஷினில் இடையே வரும் ஹை-லோ ஆட்டத்திலும் கவனம் வேண்டும். 2 என்ற எண் வந்து நிற்கும். அடுத்தது கூடவா, குறையவா என்று கேட்கும். 'கூட' என்று அழுத்தினால் ஜெயம் நிச்சயம் போலத் தோன்றும். காம்பன்சேட்டட் மெஷினில் எதை அழுத்தினாலும் தோற்கும்படி ஏற்கெனவே முடிவாகியிருக்கலாம். 5 பவுண்டு வந்தால் ஜெயித்ததை வெளியே எடுக்கும் கலெக்ட் பட்டனை அழுத்தி, காசைப் பைக்குள் போடுங்கள்.

நிஜமாகவே நஷ்டத்தைக் குறைப்பது பந்தயத் தொகையும் வேகமும்தான். 80 சதவீதம் திரும்பும் மெஷினில் நிமிடத்துக்கு 5 ஆட்டம் ஆடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 1 பவுண்டு என்றால் மணிக்குச் சராசரி நஷ்டம் 60 பவுண்டு. அதே ஆட்டம் 20 பென்ஸில் என்றால் 12 பவுண்டு. பாதி வேகத்தில் ஆடினால் 6. எந்த ரகசிய உத்தியும் இவ்வளவு மிச்சம் பிடித்துத் தராது.

10 பவுண்டை ரொக்கமாக எடுத்துக்கொண்டு கார்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். சூதாட்டச் செலவை நிறுத்தி வைக்கும் வசதி பல வங்கி ஆப்களில் உண்டு. ஆனால் ஏடிஎம்மில் எடுத்து மெஷினில் போடும் ரொக்கத்தை அது தடுக்காது.

வாரம் 40 என்றால் நாலு வாரத்துக்கு 160 பவுண்டு. கார்டு இல்லாமல் போயும் நண்பரிடம் கடன் கேட்டு ஆடத் தோன்றினால், அன்றைக்கே சூதாட்டப் பழக்கத்தால் தவிப்பவர்களுக்கு உதவும் கேம்கேர் அமைப்பு நடத்தும் உதவி எண்ணுக்குப் பேசுங்கள்: 0808 8020 133. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள்.