லைசென்ஸுக்காகக் கொடுத்த ஆதாரும் ரேகையும்: எதைத் திரும்பப் பெறலாம், எதைப் பூட்டலாம்?

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. ஸ்கூட்டர் ஓட்ட லைசென்ஸ் எடுக்க ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்த்தோம். ஆதார் ஜெராக்ஸ், போட்டோ வாங்கிக்கொண்டு, ஒரு நோட்டில் மை தொட்டுக் கட்டைவிரல் ரேகையும் வைக்கச் சொன்னார்கள். எல்.எல்.ஆர். போடும்போது வந்த ஓ.டி.பி.யைப் போனில் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. லைசென்ஸும் கைக்கு வந்துவிட்டது. போன வாரம் பார்த்தால், நாங்கள் வாங்காத ஒரு சிம் அவள் பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டதற்கு, "ஆதார் கட்டாயம், கொடுத்ததை அழிக்க முடியாது" என்றார்கள். ஆதார் உண்மையிலேயே கட்டாயமா? ரேகையை அழிக்கச் சொல்லலாமா? டிரைவிங் ஸ்கூல் மீது நடவடிக்கை எடுக்க வழி உண்டா?
– வாசகி, மதுரை

பதில்: உங்கள் மூன்று கேள்விகளுக்கும் போவதற்கு முன், இன்றே செய்யவேண்டிய ஒரு வேலை இருக்கிறது. தள்ளிப்போட்டால் சாட்சியம் போய்விடும்.

ஆதார் இணையதளத்தில் உங்கள் மகளின் கணக்கில் நுழைந்து, 'அங்கீகார வரலாறு' என்ற பகுதியைத் திறக்கச் சொல்லுங்கள். அவரது ஆதார் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த நிறுவனத்தால், ஓ.டி.பி. மூலமா ரேகை மூலமா சரிபார்க்கப்பட்டது என்பது வரிசையாக வரும். கடைசி ஆறு மாதத்துக்குள் நடந்தவற்றில் 50 பதிவுகள் வரைதான் காட்டும். முன்பு இந்தப் பதிவுகளை ஐந்து ஆண்டுகள் வரை வைத்திருக்க விதி இருந்தது. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த ஆதார் தீர்ப்பு அதை ஆறு மாதமாகக் குறைத்தது. தனியுரிமைக்கு நல்லதுதான். ஆனால் மோசடிக்கு ஆளானவருக்கு அதுவே கெடுவாக ஆகிவிடுகிறது. உங்களுக்கு மிச்சம் ஒரு மாதம்தான். அந்தப் பக்கத்தை பி.டி.எஃப். ஆக இறக்கி, அச்செடுத்து வையுங்கள். சிம் செயல்பாட்டுக்கு வந்த நாளை ஒட்டி, தொலைபேசி நிறுவனத்தின் பெயரில் ஒரு பதிவு இருந்தால், அந்த சிம் ஆதார் சரிபார்ப்பில் எடுக்கப்பட்டது. இல்லையென்றால், ஆவணத்தின் படத்தையோ ஜெராக்ஸையோ வைத்து எடுத்திருக்கலாம். வழக்கு எந்தத் திசையில் போகும் என்பதை இந்த ஒரு தாள் ஓரளவு சொல்லிவிடும்.

அச்செடுத்த கையோடு, அதே கணக்கில் 'பயோமெட்ரிக் லாக்' போடுங்கள். அதன் பிறகு ரேகையையோ கருவிழியையோ வைத்து யாரும் சரிபார்க்க முடியாது. தேவைப்படும்போது சில நிமிடங்களுக்குத் திறந்து, மறுபடி பூட்டிக்கொள்ளலாம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உறுத்துவது சிம் அல்ல, அந்த மை ரேகைதான். பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையைப் பிரதியெடுத்து, செயற்கை விரல் அச்சு செய்து, ஆதார் வழிப் பணமெடுக்கும் முறையில் வங்கிக் கணக்கைக் காலிசெய்த வழக்குகள் பல மாநிலங்களில் பதிவாகியிருக்கின்றன. அதற்குத் தேவை மூன்றே விஷயம்: ரேகை, ஆதார் எண், வங்கியின் பெயர். முதல் இரண்டும் அந்த நோட்டிலும் ஜெராக்ஸிலும் இருக்கின்றன. ஆகவே வங்கிக் கிளைக்குப் போய், ஆதார் வழிப் பணமெடுப்பை நிறுத்தச் சொல்லியும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பணம் ஏதும் போயிருந்தால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு உடனே போன் செய்யவேண்டும். மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்கும் எழுத்தில் தெரிவிக்கவேண்டும். நாள் கூடக்கூட நஷ்டத்தில் உங்கள் பங்கும் கூடும்.

சிம் விஷயத்தில், மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் மகளின் எண்ணைக் கொடுத்து நுழைந்தால், அவர் பெயரில் உள்ள எல்லா இணைப்புகளும் தெரியும். போலி எண்ணுக்கு எதிரே 'என் எண் அல்ல' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'தேவையில்லை' என்று ஒரு வாய்ப்பும் அங்கே இருக்கும். அவசரத்தில் அதைத் தொட்டுவிட வேண்டாம். அதைத் தேர்ந்தெடுத்தால், நீங்களே வாங்கிய சிம்மை வேண்டாம் என்று சொன்னதாகப் பொருள்.

இனி முதல் கேள்வி. ஆதார் கட்டாயம் என்று உங்களிடம் சொன்னது சட்டப்படி சரியல்ல. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட அறிவிக்கையின்படி, ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போகாமலே ஆன்லைனில் பெறக்கூடிய சேவைகள் 58. அவற்றுக்கான ஆதார் சரிபார்ப்பு விருப்பத்தின் பேரில்தான். ஆதார் இல்லாதவர் வேறு அடையாள ஆவணத்தோடு நேரில் போய் அதே சேவையைப் பெறலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. "உங்களிடம்தான் ஆதார் இருக்கிறதே" என்று கவுன்டரில் மடக்குவார்கள். அதற்குப் பதில் ஆதார் சட்டத்தின் 4(6) பிரிவு, 2019 திருத்தத்தில் வந்தது. சரிபார்ப்பு கேட்கும் அமைப்பு மாற்று வழி என்ன என்பதைச் சொல்லியாக வேண்டும். சரிபார்ப்புக்கு ஒருவர் மறுத்தார் என்பதற்காகச் சேவையை மறுக்கக் கூடாது. 'மறுத்தார்' என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது.

ஓட்டுநர் உரிமத்துக்கான அரசின் 'சாரதி' தளத்தில் எல்.எல்.ஆருக்கு விண்ணப்பிக்கும்போதே, ஆதார் சரிபார்ப்போடு அனுப்பவா, இல்லாமல் அனுப்பவா என்று கேட்கும். இல்லாமல் அனுப்பினால் எல்.எல்.ஆர். தேர்வுக்கு நேரில் போகவேண்டியிருக்கும், அசல் ஆவணங்களைக் காட்டவேண்டியிருக்கும். ஒரு அரை நாள் போகும். டிரைவிங் ஸ்கூல்கள் ஆதார் வழியையே பிடித்துக்கொள்வதற்குக் காரணம் இந்த அரை நாள்தான், சட்டம் அல்ல. பாஸ்போர்ட், பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று போன்றவை மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 4-ஆம் விதியிலேயே வயதுக்கோ முகவரிக்கோ சான்றாகச் சொல்லப்பட்டவை.

இரண்டாவது கேள்விக்கு நீங்கள் எதிர்பார்க்கும் பதில் கிடைக்காது. ரேகை இரண்டு இடங்களில் இருக்கலாம்: ஆதார் அமைப்பில், ஸ்கூல் நோட்டில். இரண்டுக்கும் சட்டம் வேறு. ஆதார் சரிபார்ப்புக் கருவியில் விரல் வைத்திருந்தால், அது கருவியிலேயே மறைகுறியாக்கப்பட்டு ஆதார் ஆணையத்துக்குப் போகும். கேட்ட அலுவலகத்துக்குத் திரும்பி வருவது ஆம், இல்லை என்ற பதிலோ, பெயர், முகவரி, போட்டோ போன்ற விவரங்களோதான். ரேகையையும் கருவிழியையும் எந்தக் காரணத்துக்காகவும் யாருக்கும் பகிரக் கூடாது என்பது ஆதார் சட்டத்தின் 29-ஆம் பிரிவு. போட்டோவுக்கு இந்த முழுத் தடை கிடையாது, ஏனென்றால் சட்டத்தின் கணக்கில் அது ரேகை, கருவிழி போன்ற 'மைய' பயோமெட்ரிக் அல்ல.

உரிமம் வழங்கும் அதிகாரி எடுத்த போட்டோ, கையொப்பம், முகவரி ஆகியவை அரசின் பதிவேட்டில் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 25ஏ பிரிவு தேசியப் பதிவேட்டையே ஏற்படுத்தியிருக்கிறது. அதிலிருந்து நீக்கக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும் 11, 12-ஆம் பிரிவுகளில் அந்தச் சட்டம் தரவைப் பார்க்க, அழிக்கக் கோரும் உரிமைகளைத் தருகிறது. ஆனால் ஒப்புதல் கொடுத்துத் தரப்பட்ட தரவுக்குத்தான். அரசு உரிமம் வழங்குவதற்காக எடுக்கும் தரவு 7(பி) பிரிவில் வருகிறது. அங்கே ஒப்புதலும் தேவையில்லை, அழிக்கும் உரிமையும் இல்லை. பாதுகாப்பாக வைத்திருக்கும் கடமை மட்டும் அரசுக்கு உண்டு. இந்தப் பதிவேட்டின் மீது அவநம்பிக்கைப்பட முகாந்திரமே இல்லை என்று சொல்லமாட்டேன். வாகன, உரிமத் தரவை மொத்தமாகத் தனியாருக்கு விற்க 2019-இல் மத்திய அரசே ஒரு கொள்கை வகுத்து, நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு ரூ.3 கோடி என்று விலையும் வைத்தது. தனியுரிமைக் கவலையால் 2020 ஜூனில் அது கைவிடப்பட்டது.

டிரைவிங் ஸ்கூல் நோட்டில் இருக்கும் ரேகையின் கதை வேறு. மோட்டார் வாகன விதிகளின்படி அவர்கள் படிவம் 14-இல் மாணவர் பதிவேடு வைத்திருக்கவேண்டும். பெயர், முகவரி, பிறந்த தேதி, எல்.எல்.ஆர். எண், பயிற்சி முடிந்த நாள் போன்றவை அதற்குப் போதும். மை ரேகைக்கு அங்கே வேலையே இல்லை. அதைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு எல்லா நியாயமும் உண்டு. ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். வாசகம் இப்படி இருக்கலாம்:

"இன்ன தேதியில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது தங்களிடம் கொடுத்த ஆதார் நகல், புகைப்படங்கள், கட்டைவிரல் ரேகை ஆகியவை ஓட்டுநர் உரிமம் பெறும் பணிக்காக மட்டுமே தரப்பட்டன. அப்பணி முடிந்துவிட்டது. ரேகை உள்ள தாளையும் ஆதார் நகலையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தரவும். கைபேசி, கணினி, வாட்ஸ்அப்பில் உள்ள பிரதிகளை அழித்து எழுத்தில் உறுதி தரவும். இவற்றை யார் யாரிடம், எதற்காகக் கொடுத்தீர்கள் என்பதையும் தெரிவிக்கவும். சாரதி விண்ணப்பத்தில் எந்தக் கைபேசி எண் கொடுக்கப்பட்டது என்பதையும் தெரிவிக்கவும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பல இடங்களில் ஸ்கூலின் எண்ணையே விண்ணப்பத்தில் போட்டுவிடுகிறார்கள். அப்படியானால் முகவரி மாற்றம், நகல் உரிமம் என்று பின்னால் வரும் ஒவ்வொரு ஓ.டி.பி.யும் அவர்களுக்குத்தான் போகும். சாரதி தளத்தில் உரிம எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்துக் கைபேசி எண்ணைப் பார்த்து, உங்கள் எண்ணாக மாற்றிவிடுங்கள். உரிம எண்ணும் பிறந்த தேதியும் அட்டையின் மேலேயே அச்சாகியிருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். பூட்டும் சாவியும் ஒரே அட்டையில். அதனால்தான் லைசென்ஸ் ஜெராக்ஸைக் கண்ட இடத்தில் கொடுக்கக் கூடாது என்கிறேன். வங்கிகளுக்கான விதிகளில் ஓட்டுநர் உரிமம் பாஸ்போர்ட்டுக்கு நிகரான அடையாள ஆவணம். ஆதாரை ஒளித்துவைத்துவிட்டு லைசென்ஸைத் தாராளமாக நீட்டுபவர்கள்தான் அதிகம்.

மூன்றாவது, ஸ்கூல் மீது நடவடிக்கை. சிம்மை அவர்கள்தான் வாங்கினார்கள் என்று இப்போதே புகாரில் எழுதாதீர்கள். உங்களிடம் இருப்பது சந்தேகம், ஆதாரம் அல்ல. அடையாளம் தெரியாத நபர் மீது, நடந்ததை நாள்வாரியாக எழுதி, சைபர் குற்றப் பிரிவிலோ தேசிய சைபர் குற்றத் தளத்திலோ புகார் கொடுங்கள். அடையாளத் திருட்டு, கணினி வழி ஆள்மாறாட்டம் பற்றிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளும், மோசடியாகவோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் பெறுவதைக் குற்றமாக்கும் 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42(3) பிரிவும் பொருந்தும். பிந்தையதற்கு மூன்றாண்டு வரை சிறை, ரூ.50 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். புகாரில் ஒரு கோரிக்கையைத் தனிப் பத்தியாக வையுங்கள்: அந்த சிம்மின் வாடிக்கையாளர் விண்ணப்பப் படிவத்தைத் தொலைபேசி நிறுவனத்திடமிருந்து போலீஸ் பெறவேண்டும். எந்த ஆவணம் கொடுக்கப்பட்டது, எந்தக் கடையில் விற்பனையானது, யாருடைய போட்டோ என்பது அதில் இருக்கும். ஸ்கூலுக்குக் கொடுத்த அதே ஜெராக்ஸ், அதே மடிப்பு, அதே கையெழுத்து என்றால் வழக்கு அங்கேயே பாதி முடிந்தது. புகாரை ஸ்டேஷனில் வாங்க மறுத்தால், பி.என்.எஸ்.எஸ். எனப்படும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(4) பிரிவின்படி காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதலாம். மதுரை மாநகர எல்லை என்றால் காவல் ஆணையருக்கு. அதற்கும் அசையாவிட்டால் 175(3) பிரிவில் மாஜிஸ்திரேட்.

தொடர்பு நிரூபணமானால், இழப்பீட்டுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் நம்பிக்கையோடு கொடுத்த தனிப்பட்ட விவரத்தைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பிறருக்கு வெளிப்படுத்துவது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவில் நியாயமற்ற வணிக நடைமுறை என்றே எழுதப்பட்டிருக்கிறது. அது தாளில் இருந்ததா கணினியில் இருந்ததா என்ற கேள்வி இங்கே எழாது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம், பயிற்சிக் கட்டணம் ரூ.5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணம் இல்லை, கெடு இரண்டு ஆண்டு. ஸ்கூலில் கட்டிய பணத்துக்கு ரசீது இல்லையென்றால் ஜிபே, போன்பே பரிமாற்றப் பதிவு போதும்.

தரவைப் பாதுகாக்கத் தவறிய நிறுவனத்திடம் இழப்பீடு கேட்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும் இருக்கிறது. தனிநபர் நடத்தும் கடைகூட அதன் 'நிறுவனம்' என்ற விளக்கத்துக்குள் வரும். ஆனால் தரவு கணினியிலோ போனிலோ இருந்திருக்கவேண்டும். நோட்டில் மட்டும் இருந்த ரேகைக்கு அது எடுபடாது. புதிய தரவுச் சட்டம் முழுதாக நடைமுறைக்கு வரும் 2027 மே மாதத்தில் 43ஏ நீங்கிவிடும். புதிய சட்டத்தில் ரூ.250 கோடி வரை அபராதம் உண்டு என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். அந்தப் பணம் அரசின் கஜானாவுக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு அதில் ஒரு ரூபாய்கூட இல்லை.

ஸ்கூலின் உரிமம் பற்றித் தனியாக வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு ஒரு புகார் கொடுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 28-ஆம் விதியில் இடைநிறுத்தவும் ரத்து செய்யவும் அவருக்கு அதிகாரம் உண்டு. கூடவே அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, மகள் பெயரிலேயே, 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு தகவல் உரிமை மனு: விண்ணப்பம் எந்த நாளில் பதிவானது, எந்தக் கைபேசி எண்ணோடு, ஆதார் சரிபார்ப்பு இல்லாமல் விண்ணப்பிக்க இந்த அலுவலகத்தில் என்ன ஏற்பாடு. 30 நாளில் பதில் வரவேண்டும். மனுவின் அந்தக் கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்லவேண்டி வரும்போது, "ஆதார் கட்டாயம்" என்று கையெழுத்துப் போட்டு அனுப்ப எந்த அலுவலரும் யோசிப்பார்.