டிரைவர் சீட்டில் கேமரா ஏன் நடுங்குகிறது?

அயனாவரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் கேமில் நம்ம ஊர் 29சி பஸ் மாடலைப் போட்டு, எம்.டி.ஏ.வில் (அந்த கேமை இணையத்தில் பலர் சேர்ந்து ஆட உதவும் மல்டி தெஃப்ட் ஆட்டோ) லுவா மொழியில் ஸ்கிரிப்ட் எழுதி, டிரைவர் சீட்டிலிருந்து பார்க்கிற மாதிரி கேமரா வைத்தேன். வேகம் எடுத்தால் டேஷ்போர்டு முன்னும் பின்னும் குதிக்கிறது. மேம்பாலம் ஏறினால் கேமரா தரைக்குள் முங்குகிறது, இறங்கினால் கூரைக்கு மேல் போகிறது. ஸ்டியரிங் பாதி வெட்டுப்பட்டுத் தெரிகிறது. என்ன தப்பு?"

எம்.டி.சி. பஸ்ஸை எம்.டி.ஏ.வில் ஓட்டுகிறீர்கள், சந்தோஷம். நீங்கள் அனுப்பிய ஸ்கிரிப்டைப் பார்த்தேன். கேமராவை 50 மில்லிசெகண்ட் டைமரில் நகர்த்துகிறீர்கள். முதல் தொல்லை அங்கேதான். 60 கிலோமீட்டர் வேகத்தில் பஸ் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 16.7 மீட்டர் போகிறது. 50 மில்லிசெகண்டில் 83 சென்டிமீட்டர். அதாவது பஸ் முக்கால் மீட்டருக்கு மேல் ஓடிய பிறகுதான் கேமரா எட்டிப் பிடிக்கிறது. ஒரே ஒரு ஃபிரேம் (திரையில் வரையப்படும் ஒரு படம்) பிந்தினால்கூட, நொடிக்கு 60 ஃபிரேம் கணக்கில், 28 சென்டிமீட்டர் இடைவெளி விழும். வெளியிலிருந்து பார்க்கும் கேமராவில் இது கண்ணில் படாது. மூக்குக்கு எதிரே டேஷ்போர்டு இருக்கும்போது மறைக்க முடியாது. டைமரைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு ஃபிரேமும் வரையப்படுவதற்கு முன்னால் வருகிற 'ஆன்கிளையண்ட்ப்ரீரெண்டர்' நிகழ்வில் எழுதுங்கள்.

அடுத்தது மேம்பாலம். பஸ்ஸின் திசைக் கோணத்தை மட்டும் எடுத்து, சைன், கொசைன் போட்டு, சீட் இருக்கும் இடத்துக்காக முன்னே 5 மீட்டர் கூட்டியிருக்கிறீர்கள். சமதரையில் இது சரி. 10 டிகிரி ஏற்றத்தில் அந்த 5 மீட்டர் முனை சுமார் 87 சென்டிமீட்டர் மேலே எழும்பும். சீட் எழும்பிவிட்டது, உங்கள் கேமரா பழைய உயரத்திலேயே நிற்கிறது. அதனால்தான் முங்குகிறது.

கோணங்களையே விட்டுவிடுங்கள். 'கெட்எலிமெண்ட்மேட்ரிக்ஸ்' நான்கு வரிசை கொடுக்கும்: முதல் வரிசை வண்டியின் வலப்பக்கம், இரண்டாவது முன்பக்கம், மூன்றாவது மேல்பக்கம், நான்காவது வண்டி இருக்கும் இடம். லுவாவில் எண்ணிக்கை பூஜ்ஜியத்தில் அல்ல, 1-இல் தொடங்குகிறது. இதில் வழுக்கி விழாதவர்கள் குறைவு. நான்காவது வரிசையோடு, சீட்டின் வலத்தூரத்தை முதல் வரிசையாலும், முன்தூரத்தை இரண்டாவதாலும், உயரத்தை மூன்றாவதாலும் பெருக்கிக் கூட்டினால், பஸ் எப்படிச் சாய்ந்தாலும் கேமரா சீட்டை விட்டு நகராது. அந்தப் புள்ளியிலிருந்து இரண்டாவது வரிசை வழியே 10 மீட்டர் தள்ளி ஒரு புள்ளியை எடுத்து, அதைப் பார்க்கச் சொல்லி 'செட்கேமராமேட்ரிக்ஸ்' கொடுங்கள்.

வலத்தூரம் என்றதும் இன்னொன்று. சான் ஆண்ட்ரியாஸ் வண்டிகள் இடப்பக்கம் ஸ்டியரிங் வைத்தவை. இணையத்தில் கிடைக்கும் ஸ்கிரிப்டை அப்படியே ஒட்டினால் அந்த எண் மைனஸில் இருக்கும். நம் பஸ்ஸில் டிரைவருக்கு இடப்பக்கம் இன்ஜின் பானெட்தான் இருக்கும், அதன்மேல் போய் உட்கார்ந்துவிடுவீர்கள். பிளஸ் ஆக்குங்கள். அதோடு, இந்த சீட் தூரங்களை வண்டியின் மாடல் எண் வாரியாக ஒரு டேபிளில் வையுங்கள். பஸ் 431, கோச் 437. இரண்டுக்கும் சீட் ஒரே இடத்தில் இல்லை.

பக்கவாட்டுச் சாய்வை மட்டும் தனியாகத் தர வேண்டும், ஏனென்றால் 'செட்கேமராமேட்ரிக்ஸ்' எப்போதும் வானத்தையே மேல்பக்கமாக எடுத்துக்கொள்கிறது. முதல் வரிசையின் உயரக் கூறை (வரிசையின் மூன்றாவது எண்) மைனஸ் ஆக்கி, மூன்றாவது வரிசையின் உயரக் கூறோடு சேர்த்து கோணம் கண்டுபிடிக்கும் 'ஏடான்2'-இல் போட்டு, டிகிரியாக மாற்றினால் சாய்வு வரும். பஸ் தலைகீழாகக் கவிழ்ந்தாலும் கணக்கு தப்பாது. கேமரா எதிர்ப்பக்கம் சாய்ந்தால் குறியை மாற்றிப் பாருங்கள். அப்புறம், முழுச் சாய்வையும் கொடுக்காதீர்கள், பாதி போதும் என்பது என் கட்சி. அடுத்த முறை நிஜ 29சியில் முன் சீட் கிடைத்தால் டிரைவரின் தலையைக் கவனியுங்கள். திருப்பத்தில் பஸ் சாய்கிறது, தோள் சாய்கிறது, தலை மட்டும் கிட்டத்தட்ட நேராகவே இருக்கிறது. முழுச் சாய்வு கொடுத்து நானே அரைமணி நேரம் ஆடிவிட்டு எலுமிச்சை தேடியிருக்கிறேன்.

ஸ்டியரிங் வெட்டுப்படுவது சின்ன விஷயம். கேமராவுக்கு மிக அருகில் இருப்பதை கேம் வரையாது. அந்த எல்லை வழக்கமாக 0.3 மீட்டர். 'செட்நியர்கிளிப்டிஸ்டன்ஸ்' மூலம் 0.1 வரை இறக்கலாம். ஆனால் ரொம்ப இறக்கினால் தூரத்துச் சுவர்கள் மினுக்கும், அதனால் 0.15-இல் தொடங்கிப் பாருங்கள்.

கடைசியாக, இறங்கும் வேலை. பஸ்ஸை விட்டு இறங்குவது, சாவது, பஸ் வெடிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் தனி நிகழ்வு எழுத ஆரம்பித்தால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும், கேமரா அந்தரத்தில் தொங்கும். அதே ஃபிரேம் ஃபங்ஷனின் முதல் வரியிலேயே ஆள் வண்டிக்குள் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் 'செட்கேமராடார்கெட்' கொடுத்துக் கேமராவை ஆளிடம் திருப்பி, எல்லையை மறுபடி 0.3 ஆக்கி, நிகழ்விலிருந்து ஃபங்ஷனைக் கழற்றிவிடுங்கள்.