சிசேரியன் வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 28, தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். முதல் பிரசவம் சிசேரியன். வலி மாத்திரை பாலில் இறங்கும் என்று அம்மா சொன்னதால் சரியாகப் போடவில்லை. மூன்று நாள் எழுந்து உட்காரவே முடியாமல் அழுதேன். அடுத்த மாதம் இரண்டாவதற்கும் தேதி குறித்துவிட்டார்கள். இந்தத் தடவை எப்படிச் சமாளிப்பது?

பதில்: தயவுசெய்து பொறுத்துக்கொள்ளாதீர்கள். வலிக்குப் பயந்து அசையாமல் படுத்திருந்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் அபாயம் கூடும், வயிறு உப்பும், பிள்ளையை நிம்மதியாக மடியில் போட்டுப் பால் கொடுக்கவும் முடியாது. பாராசிட்டமாலும் இபுபுரூஃபனும் பாலில் மிக மிகக் குறைவாகவே போகும், குழந்தையை ஒன்றும் செய்யாது. அடுத்த செக்கப்புக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், டாக்டர் வாயாலேயே கேட்கட்டும். கோடீன், டிரமடால் கலந்த மாத்திரைகளை மட்டும் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அவை குழந்தைக்கு அதிகத் தூக்கத்தையும் மூச்சுத் திணறலையும் தரலாம்.

பலர் வலி ஏறிய பிறகுதான் மாத்திரையைத் தேடுகிறார்கள். முதுகில் போட்ட ஊசியின் மரமரப்பு சில மணி நேரத்தில் இறங்கிவிடும். அது முழுசாகப் போகும் முன்பே மருந்து உள்ளே போயிருக்க வேண்டும். அப்புறம் முதல் இரண்டு மூன்று நாள் வலி இருக்கிறதா என்று பார்க்காமல், கடிகாரத்தைப் பார்த்துப் போடுங்கள். பெரும்பாலும் பாராசிட்டமால் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, இபுபுரூஃபன் சாப்பிட்டபின் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதுவார்கள். ராத்திரி வேளைக்கு அலாரம் வையுங்கள். அல்சர், ஆஸ்துமா, கிட்னி கோளாறு, ரத்தக் கொதிப்பு ஏதாவது இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், இபுபுரூஃபன் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். முதல் தடவை பட்ட பாட்டை மயக்க மருந்து டாக்டரிடமும் சொல்லுங்கள்.

எழும்போது நேராக நிமிராதீர்கள். முழங்காலை மடக்கி, ஒருக்களித்துப் படுத்து, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள். இருமல் வந்தால் தலையணையைத் தையல் மேல் அழுத்திப் பிடியுங்கள். தண்ணீர் குடித்தால் தையலில் சீழ் பிடிக்கும் என்று யாராவது தடுத்தால் கேட்காதீர்கள். தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும், முக்கினால் தையல்தான் வலிக்கும்.

நம் பக்கத்துத் தெருக்களில் என்னைக் கவலைப்படுத்துவது குடம்தான். லாரித் தண்ணீரோ அடிபம்போ, நிறைந்த குடம் 15 கிலோவுக்குக் குறையாது. ஆறு வாரத்துக்குப் புதிதாகப் பிறந்த பிள்ளையின் எடைக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. மாடி வீடானால் யார் தண்ணீர் ஏற்றுவது என்று வீட்டுக்காரரிடம் இப்போதே பேசி வையுங்கள்.

நாளுக்கு நாள் வலி குறைய வேண்டும். கூடினாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, தையல் சிவந்து நீர் கசிந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, உட்கார்ந்தால் தலை பிளந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சு வாங்கினாலோ, ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுசாக நனைந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், ராத்திரி எத்தனை மணியானாலும்.