வாழைப்பழம் கூலி ஆகுமா?

கொடைக்கானல் ஏழு ரோட்டுப் பக்கம் முப்பது வருஷமாக ஸ்டுடியோவும் ஜெராக்ஸ் கடையும் வைத்திருக்கிறேன். அறிவியல், டெக்னாலஜி, பதிப்புரிமை என்று செய்தியில் அடிபட்டது எதுவானாலும் கேளுங்கள் என்று போன வாரம் வாய்விட்டது என் தப்பு. வந்ததில் பாதி பூண்டு, மீதி குரங்கு.

பெருமாள்மலை, டாக்ஸி ஓட்டுநர்: அண்ணே, இன்னைக்கு ராத்திரி 12.30-லிருந்து 3.30 வரைக்கும் காஸ்மிக் கதிர் பூமிக்குப் பக்கத்தில் வருதாம். போனை அணைத்து வைக்கணுமாமே?

இந்தச் செய்தி எனக்கு முதலில் வந்தபோது என்னிடம் பட்டன் போன்தான் இருந்தது. 'இன்று இரவு' என்று போட்டிருக்கிறது, எந்த இன்று என்று இல்லை. தேதியைப் பாருங்கள் தம்பி, முதலில் தேதியைப் பாருங்கள்.

காஸ்மிக் கதிர் பன்னிரண்டரை மணிக்காகக் காத்திருப்பதில்லை. அது மேலே காற்றில் மோதிப் பிறக்கும் மியூவான் துகள், இதைப் படிக்கும் இந்த நேரத்திலேயே உங்கள் உள்ளங்கை வழியாக நொடிக்கு ஒன்று வீதம் போய்க்கொண்டிருக்கிறது. மலையில் இருப்பதால் நமக்குக் கொஞ்சம் கூடவே. ஊட்டியில் கிரேப்ஸ்-3 என்று ஒரு ஆய்வுக்கூடம் இதை எண்ணுவதையே வேலையாக வைத்திருக்கிறது. 2014 டிசம்பர் 1 அன்று அங்கே ஒரு இடிமேகம் தலைக்கு மேல் வந்து நின்றபோது மியூவான் வரத்து லேசாகக் குறைந்தது. அந்தக் குறைவை வைத்தே கணக்குப் போட்டு, மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்தது என்று 2019-ல் வெளியிட்டார்கள். நாமெல்லாம் இடி இடித்தால் டிவி போச்சா என்று பார்ப்பதோடு சரி.

போனை அணைக்கத் தேவையில்லை. தூக்கம் வந்தால் அணையுங்கள்.

பூம்பாறை, விவசாயி: நம்ம மலைப்பூண்டுக்குக் காப்புரிமை வாங்கியாச்சு. வெளியூர்க்காரன் விதை வாங்கிட்டுப் போய் நட்டால் கேஸ் போடலாமா?

போட முடியாது. 2019-ல் கிடைத்தது புவிசார் குறியீடு. அது பெயருக்குக் காவல். எவரும் எங்கும் நடலாம், ஆனால் சாக்கில் 'கொடைக்கானல் மலைப்பூண்டு' என்று எழுதி விற்கக் கூடாது. காப்புரிமை என்பது புதுக் கண்டுபிடிப்புக்கு, 20 வருஷத்துக்கு. பூண்டை யாரும் போன வருஷம் கண்டுபிடிக்கவில்லை. பதிப்புரிமை என்பது எழுத்து, படம், பாட்டுக்கு. பத்திரிகைக்காரர்களே மூன்றையும் ஒரே உலையில் போட்டுக் கிண்டுகிறார்கள். 'காப்பிரைட்' என்று காதில் விழுந்த உடனே 'காப்புரிமை' என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டிலும் 'காப்' இருக்கிறதே, போதாதா?

வட்டக்கானல், தங்கும் வீடு நடத்துபவர்: அண்ணா, டால்பின் நோஸ் போகிற பாதையில் குரங்கு என் போனைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. கேமரா திறந்திருந்தது. நாலு படம் எடுத்திருக்கிறது, அதில் ஒன்று அவ்வளவு அழகு. அதை என் பேஜிலிருந்து எடுத்து இன்னொரு விடுதிக்காரர் பெரிய போர்டாக மாட்டிவிட்டார். படம் யாருக்குச் சொந்தம்?

அம்மா, இதற்கு உலகமே ஒரு முறை அடித்துக்கொண்டது. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் ஒரு கருங்குரங்கு பல்லைக் காட்டி எடுத்துக்கொண்ட செல்ஃபி 2011-ல் எங்கும் பரவியது. கேமரா பிரிட்டிஷ் புகைப்படக்காரர் டேவிட் ஸ்லேட்டருடையது. படத்தை எடுத்தது குரங்கு, ஆகவே இது யாருக்கும் சொந்தமில்லை என்று விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா தன் தளத்திலிருந்து படத்தை நீக்க மறுத்தது. 2015-ல் பீட்டா அமைப்பு இன்னும் ஒரு படி மேலே போய், நாருட்டோ என்று பெயர் சூட்டிய குரங்கின் சார்பில் அமெரிக்காவில் வழக்கே போட்டது. 2017-ல் சமரசம் ஆகி, வருங்கால வருமானத்தில் 25 சதவீதம் குரங்குகளைக் காக்கும் அமைப்புகளுக்கு என்று முடிவானது. அதற்குப் பிறகும் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடாமல் 2018-ல் தீர்ப்பு எழுதியது: பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் விலங்கு வழக்குப் போட முடியாது.

நம் 1957-ஆம் வருஷச் சட்டத்தில், புகைப்படத்துக்கு ஆசிரியர் 'படம் எடுக்கும் நபர்'. குரங்கு நபர் இல்லை. நீங்கள் நபர்தான், ஆனால் எடுக்கவில்லை, கீழே நின்று கத்திக்கொண்டிருந்தீர்கள். பக்கத்து விடுதிக்காரரிடம் முகத்துக்கு நேராகக் கேளுங்கள். சட்டம் உங்கள் பக்கம் வராது.

அட்டுவம்பட்டி, மாணவி: சார், கணினியால் உருவாகும் படைப்புக்கு, அது உருவாகக் காரணமான நபர்தான் ஆசிரியர் என்று அதே சட்டம் சொல்கிறதே? போனும் கணினிதானே? போனைத் திறந்து வைத்திருந்தது அக்காதானே?

நல்ல அடி. ஆனால் 'காரணம்' என்றால் எண்ணி ஒரு வேலை செய்திருக்க வேண்டும். பறிகொடுத்தது காரணம் ஆகாது. ஸ்டாண்டில் வைத்து, ஃபோகஸ் பார்த்து, குரங்கு தொட்டால் படம் விழும்படி செட் செய்திருந்தால் வாதாடிப் பார்க்கலாம். நானே வாதாடுவேன்.

பண்ணைக்காடு, ஓய்வு பெற்ற ஆசிரியர்: தம்பி, 17-ஆம் பிரிவைப் படித்தேன். கூலி கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரே உரிமையாளராம். குரங்குக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்திருந்தால்?

ஐயா, கூலி யாருக்குக் கொடுத்தாலும் முதலில் ஒரு நபர் வேண்டும். அப்புறம், குரங்குக்குத் தீனி போடாதீர்கள். அந்தப் பழக்கத்தால்தான் போன் பறிபோகிறது.

அந்தப் பிரிவை இழுத்தது எனக்குத்தான் வினை. கல்யாண ஆல்பம் எல்லாம் அதன்படி கல்யாண வீட்டாருக்குச் சொந்தம். ராத்திரி முழுக்க நின்று எடுத்தவனுக்கு, எழுதி வாங்காவிட்டால், ஒன்றும் இல்லை. நான் ஒரு கல்யாணத்திலும் எழுதி வாங்கியதில்லை. இந்த விஷயத்தில் நானும் அந்தக் குரங்கும் ஒன்று.

பெருமாள்மலை, அதே ஓட்டுநர்: குரங்கு அரசாங்கச் சொத்துதானே அண்ணே? அப்போ படமும் அரசாங்கத்துக்குத்தான்.

அப்படியென்றால் என் கடைத் தகரம் பிய்ந்ததற்கு யாருக்குப் பில் அனுப்புவது? அடுத்தது.

பழனி: பஞ்சாமிர்தத்துக்குக் காப்புரிமை…

பூண்டுக்குச் சொன்னதுதான். அதே 2019.

தாண்டிக்குடி: விருப்பாட்சி வாழைக்கு…

பூண்டு. பூண்டைப் படியுங்கள்.

நாயுடுபுரம்: இந்த வருஷம் குறிஞ்சி பூத்திருக்கிறது என்று மலை முழுக்க நீலமாக ஒரு படம் வந்தது. எங்கே போய்ப் பார்க்கலாம்?

2030-ல் போய்ப் பாருங்கள். 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, நடுவில் அங்கங்கே ஒரு செடி பூத்தால் அது அதன் இஷ்டம். தேதி! நீங்கள் அனுப்பியது ஏஐ வரைந்தது. பூங்கொத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஒரே காம்பில் இரண்டு விதமான இலை. 2006-ல் கூக்கால் பக்கம் ஃபிலிமில் நான் எடுத்த குறிஞ்சி ஒன்று, ஒரு விடுதியின் வரவேற்பறையில் என் பெயர் இல்லாமல் தொங்கியது. அது திருட்டு என்றாலும், பூவாவது நிஜம்.

குணா குகை வாசலில் சோளம் விற்பவர்: ஒரு பாட்டுக்கு எத்தனை சொந்தக்காரர்கள்? படத்தில் போட்டதற்கு நோட்டீஸ் விட்டார்களே.

2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' தயாரிப்பாளர்களுக்கு இளையராஜா தரப்பு அனுப்பியதைக் கேட்கிறீர்கள். பாட்டு வரி ஒரு உரிமை, இசை ஒன்று, ஒலிப்பதிவு ஒன்று. ஒருவரிடம் வாங்கிவிட்டு மூவரிடமும் வாங்கிவிட்டதாக நினைப்பதில்தான் சண்டை ஆரம்பிக்கிறது. சோளக் கடையில் போனில் போட்டுக் கேட்பதற்கு நோட்டீஸ் வராது, பயப்படாதீர்கள்.

பள்ளி மாணவன், வில்பட்டி: கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் பழைய படங்களைப் புராஜெக்டில் ஒட்டலாமா?

தாராளமாக ஒட்டு ராஜா. பாடத்துக்குப் பயன்படுத்துவதைச் சட்டமே அனுமதிக்கிறது. ஆனால் சூரியன் படம் என்று மட்டும் எழுதி ஒட்டாதே. 1904-லிருந்து மேகம் விட்ட நாளெல்லாம் அங்கே சூரியனைக் கண்ணாடித் தகட்டில் பிடித்து வைத்திருக்கிறார்கள். 1909 ஜனவரியில் எவர்ஷெட், கரும்புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை அங்கேதான் கண்டுபிடித்தார். இன்றைக்கும் அவர் பெயரால்தான் அதைச் சொல்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய கரும்புள்ளியையும் இன்றையதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிவது எதனால்? ஒவ்வொரு தகட்டுக்கும் நாள் குறித்திருப்பதால். அதை அழித்துவிட்டால் எல்லாம் பொட்டு வைத்த வட்டம். படத்துக்குக் கீழே எங்கே, எப்போது எடுத்தது என்று எழுது. ஜெராக்ஸுக்கு உன்னிடம் காசு வாங்க மாட்டேன்.

வட்டக்கானல், மறுபடியும்: அண்ணா, நேரில் போய்ச் சண்டை போட்டேன். போர்டை எடுத்துவிட்டார். அந்த இடத்தில் ஏஐ-யில் செய்த குரங்குப் படம் வைத்திருக்கிறார்.

நானும் பார்த்தேன். கையில் ஆறு விரல். மனிதர் செய்யாத படத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்று 2025 மார்ச்சில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே அமெரிக்காவாக இருந்தால் அதை நீங்கள் எடுத்து மாட்டிக்கொள்ளலாம். இங்கே வேண்டாம், அவர் வாழைப்பழச் சீப்போடு என் கடைக்கு வந்துவிடுவார்.

மன்னவனூர்: பூண்டு…

கடை சாத்தியாகிவிட்டது.